எல்லாப் பொத்தானையும் முன்பே அழுத்திப் பார்த்த தமயந்தி மிஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஹெப்பகோடியில் என் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, நான்காம் வகுப்புக்குப் பின்னங்கள் சொல்லித்தர ஓர் இலவச இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீட்சாவைத் துண்டு போடும் விளையாட்டு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தமயந்தி மிஸ்ஸிடம் ஒரு முறை காட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எங்கள் பள்ளியின் கன்னட ஆசிரியை. தமயந்தி மிஸ் போய்விட்டார் என்று சொல்லிவிட்டு அழுதார். காலையில் எழுந்து சமையலறைக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி மூன்றே முக்காலுக்கு அந்தக் குழந்தையோடு யார் நடப்பது என்ற பயம்தான் முதலில் வந்தது. ஒரு சக ஆசிரியை இறந்த செய்தி கேட்டவனுக்கு வரக்கூடிய முதல் நினைப்பா இது என்று வெட்கமாக இருந்தது. ஏன் வந்தது என்பதை அவரை அறிந்தவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை, அது இருக்கும் தெருவையும் எழுதவில்லை. குழந்தையின் பெயரை மாற்றியிருக்கிறேன். உங்களுக்கு எல்லாம் தெரியும், தெரியாதவர்களுக்குத் தெரிய வேண்டாம். இந்தத் தாளைக் கைக்குக் கை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து யாரும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

தமயந்தி மிஸ் மர்பி டவுனில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். அப்பா மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மிஸ் தமிழில் தொடங்கும் வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பார், கேட்பவர்களுக்கு அது இரண்டு மொழி என்றே தோன்றாது. நான் தர்மபுரிப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கென்று வந்து, அது நிலைக்காமல் வாத்தியாரானவன். அதனால் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பு. அந்த அறையில் எதைத் திறந்தாலும் கூடாது என்று சொல்வது அவர் பொறுப்பு என்று நாங்கள் கேலி செய்வோம். ஆசிரியர் அறையில் அவருக்கு ரெட் சிக்னல் என்று பெயர். வைத்தவன் நான்தான். அவருக்கும் அது தெரியும்.

ஆனால் அவர் எதையும் சும்மா கூடாது என்று சொன்னதில்லை. ஓர் இணையதளத்தை வகுப்பில் காட்டுவதற்கு முன், கம்ப்யூட்டர் அறையில் பிள்ளைகள் உட்காரும் சின்ன பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்காலை ஒருபக்கமாக மடக்கிக்கொண்டு உட்காருவார். பெரிய நாற்காலியைப் போட்டால் வேண்டாம் என்பார், பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அங்கிருந்துதான் பார்க்க வேண்டுமாம். பிறகு ஒரு போக்கிரிக் குழந்தையைப் போல் கண்டதையெல்லாம் அழுத்துவார். வேண்டுமென்றே எல்லா விடையையும் தப்பாகப் போடுவார். மூலையில் மின்னும் படத்தை அழுத்துவார், ஒன்றுமில்லாத இடத்தைப் பத்து முறை அழுத்துவார். "புள்ளைங்க தப்பா அழுத்தப்போறதையெல்லாம் நான் முன்னாடியே அழுத்திட்டேன்னா ஆய்த்து சார்" என்பார். முந்தின நாள் பார்த்திருந்தாலும் வகுப்பு நடக்கும் அன்று காலையில் மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். நேற்றுப் பார்த்த கடை இன்றைக்கும் அதே கடையாக இருக்கும் என்று யார் சொன்னது என்று கேட்பார்.

ஒரு முறை அவரிடம் காட்டாமல் நானாக ஒரு தளத்தைத் திரையில் போட்டேன். கோள்கள் சூரியனைச் சுற்றும் தளம். தொடங்கு என்று பெரிய பச்சைப் பொத்தான் இருந்தது, அழுத்தினேன். அது விளம்பரம். சுவர் முழுக்கச் சீட்டுக்கட்டும் தங்கக் காசும் கொட்ட, ஒரு பெண் குரல் இந்தியில் வாழ்த்து வேறு சொன்னது. மூன்றாம் வகுப்பு முழுவதும் கைதட்டியது. அதை மூடத் தெரியாமல் கடைசியில் மின்சாரத்தையே நிறுத்தினேன். அடுத்த வகுப்பிலிருந்து எட்டிப்பார்த்த தமயந்தி மிஸ் சிரிக்கவில்லை. சாயங்காலம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "இலவசம்னு குடுக்கிறாங்களே சார், அவங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றாங்க?" நான் ஏதோ நன்கொடை, அரசு உதவி என்று அளந்துவிட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இதை வைத்து அவரைப் பழைய காலத்து ஆள் என்று நினைத்தவர்கள் ஏமாந்துபோனார்கள். நல்ல தளங்களைத் தோண்டி எடுத்ததெல்லாம் அவர்தான். பிள்ளைகளுக்கான படக்கதைகளைப் பல மொழிகளில் இலவசமாக வைத்திருக்கும் ஒரு தளத்தை அவர்தான் கண்டுபிடித்தார். எங்கள் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, புத்தகத்தில் ஒரு மொழி என்று வளர்கிறவர்கள். ஒரே கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் நான்கு கணினியில் திறந்து வைத்து, பிள்ளைகளை ஒவ்வொன்றின் முன்னும் மாற்றி மாற்றி உட்கார வைப்பார். வாசிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளைகள் ஒரே மாதத்தில் வாசித்தார்கள். அத்தனை கதைகளையும் முன்கூட்டியே பென்டிரைவில் இறக்கிவிட்டு, வகுப்பு நேரத்தில் இணைய இணைப்பைப் பிடுங்கிவிடுவார். கதை உள்ளே வந்துவிட்டது, இனிக் கதவு எதற்குத் திறந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

சென்ற கல்வியாண்டில் நான் ஒரு வாய்ப்பாட்டுத் தளத்தைப் பிடித்தேன். பிள்ளைகள் பெருக்கல் சொன்னால் நட்சத்திரம் விழும். யார் எத்தனை வாங்கினார்கள் என்று விளையாடுகிற எல்லாரும் பார்க்கும் ஒரு நட்சத்திரப் பலகையும் உண்டு. பள்ளியிலும் விளையாடலாம், வீட்டில் அம்மா கைப்பேசியிலும் விளையாடலாம். ஏழாம் வாய்ப்பாட்டில் முக்கிக்கொண்டிருந்தவர்கள் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்குப் பறந்தார்கள். விளம்பரம் ஒன்றுகூட இல்லை. தமயந்தி மிஸ் இரண்டு நாள் அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்துவிட்டு, முதல் முறையாக என்னிடம் நல்லா இருக்கு சார் என்றார். அன்று எனக்கு ஏற்பட்ட கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கர்வத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். மிஸ் பூனை, கிளி, மாம்பழம் என்று வைக்கச் சொல்லியிருந்தார். எனக்கோ மதிப்பெண் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், மாம்பழத்துக்கு எங்கே போய் மார்க் போடுவது? பள்ளியின் பெயரையும் வகுப்பையும் பிரிவையும் போட்டு, வருகைப் பதிவேட்டில் இருக்கிறபடியே முழுப் பெயர்களையும் ஏற்றினேன். மூன்றாம் வகுப்பு பி பிரிவில் மூன்று ஹர்ஷினிகள். எங்கள் பள்ளியில் ஒரே பெயர்க்காரர்களை அவர்கள் வீட்டுக்குப் போகும் விதத்தை வைத்துத்தான் பிரித்துச் சொல்வோம், உங்களுக்கே தெரியும். மணி அடித்ததும் கேட்டில் நின்று பிள்ளைகளை வரிசை பிரிக்கும் வாத்தியாருக்கு அதுதான் வசதி. வேன் ஹர்ஷினி, ஆட்டோ ஹர்ஷினி, நடை ஹர்ஷினி. கை பழகிய பழக்கம், அப்படியே ஏற்றிவிட்டேன். ஒரு பிள்ளை நடந்து வீட்டுக்குப் போகிறது என்று ஊர் உலகம் பார்க்கும் பலகையில் எழுதுகிறோம் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, தமயந்தி மிஸ் வழக்கம்போல மறுபடி அழுத்திப் பார்த்திருக்கிறார். திரையின் கீழ் மூலையில் முன்பு இல்லாத ஒரு சின்ன வட்டம் இருந்தது. அழுத்தினால் மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு இரண்டு வரி எழுதலாம். அதோடு அன்றுதான் அவர் நட்சத்திரப் பலகையில் நான் வைத்த பெயர்களையும் பார்த்தார். ஆசிரியர் அறைக்கு வந்து, எல்லார் முன்னாலும் அல்ல, என்னை வெளியே கூப்பிட்டு, அந்தப் பெயரை இன்றைக்கே மாற்றுங்கள் என்றார். பெயரை மாற்றினால் அதுவரை சேர்ந்த நட்சத்திரமெல்லாம் அழிந்துவிடும். பெற்றோர் கூட்டம் வரப்போகிறது, நட்சத்திரப் பலகையைத் திரையில் காட்டுவதாகத் தலைமையாசிரியையிடம் சொல்லியிருந்தேன். நடை ஹர்ஷினிதான் முதலிடம், அவள் அழுதுவிடுவாள் என்றேன். கூட்டம் முடியட்டும் என்றேன். அவர் விடாமல் நின்றதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. உங்களுக்கு எதைப் பார்த்தாலும் பேய் தெரியுது மிஸ் என்று சொல்லிவிட்டேன்.

"பேய் தெரிஞ்சா பரவால்ல சார்" என்றார். "ஆளு தெரியலையே, அதான் பயம்."

பெற்றோர் கூட்டம் ஜோராக நடந்தது. நடை ஹர்ஷினியின் அம்மா தையல் ஆலையில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகளின் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததைப் பார்த்து அந்த அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கும் கைதட்டல் கிடைத்தது. தமயந்தி மிஸ் பின்வரிசையில் நின்றுகொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்தது. ஆனாலும் நான் பெயரை மாற்றவில்லை, இன்று நாளை என்று தள்ளிப்போட்டேன்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் வகுப்பில் ஹர்ஷினி கையைத் தூக்கினாள். எட்டு வயசுக் குழந்தை, சந்தேகம் கேட்கும் அதே சாதாரணக் குரல்.

"சார், வீட்டுக்குப் போறப்போ பேக்கரி பக்கமா போவியா, கோயில் பக்கமா போவியான்னு கேக்குறாங்க. என்னன்னு எழுதட்டும்?"

யார் கேட்கிறார்கள் என்று கேட்டேன். ஃப்ரெண்டு என்றாள். முயல் படம் வைத்திருக்கிற ஃப்ரெண்டு. பக்கத்து வகுப்பிலிருந்து தமயந்தி மிஸ்ஸைக் கூப்பிட்டு வரச் சொன்னேன், அது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. அவர் வந்தார். குழந்தையை அதட்டவில்லை. ஸ்வல்ப நகரு கண்ணா என்று சொல்லி அவள் நாற்காலியில் பாதியில் உட்கார்ந்துகொண்டு, மூன்று வாரத்துப் பேச்சை மேலிருந்து கீழ்வரை படித்தார். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள். எட்டாம் வாய்ப்பாட்டில் பாராட்டு. உனக்கு என்ன வயசு. அம்மா எத்தனை மணிக்கு வருவார். நான் உன்னைப் பார்த்தேன் என்று நினைக்கிறேன், உன்னுடையது சிவப்புப் பையா. ஆமாம் என்று ஹர்ஷினி பதில் எழுதியிருந்தாள், பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாள். மிஸ் ஒவ்வொரு வரியையும் தன் கைப்பேசியில் படம் எடுத்தார்.

அன்றே மற்ற பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் அழித்தேன். ஹர்ஷினியின் கணக்கையும் மூடிவிடலாம் என்றதற்கு மிஸ் ஒப்பவில்லை. மூடிவிட்டால் அந்த ஆள் எங்கே நிற்கிறான் என்பது நமக்குத் தெரியாமல் போய்விடும், பதில் எழுத வேண்டாம், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்போம் என்றார். குழந்தையின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போய் எழுதிக் கொடுத்தார். தளத்துக்கு நான் மூன்று கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. அந்தத் தளத்தில் பேசுவதற்கு ஒரு தொலைபேசி எண்கூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வேனில் அனுப்பலாம் என்றார் தலைமையாசிரியை. வேன் அவர்கள் சந்துக்குள் நுழையாது, முனையில் இறங்கி நடக்கத்தான் வேண்டும். வீட்டில் இருக்கும் அத்தைக்குக் கைக்குழந்தை, வந்து கூட்டிப்போக முடியாது. அப்போது தமயந்தி மிஸ், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை.

முயல் ஒன்பது நாள் எதுவும் எழுதவில்லை. ஓய்ந்துவிட்டது என்று நான் மூச்சுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹர்ஷினியின் அம்மா சிவப்புப் பையைத் தூக்கிப்போட்டுவிட்டு நீலத்தில் ஒன்று வாங்கிக் கொடுத்தார். திங்கட்கிழமை குழந்தை அதை மாட்டிக்கொண்டு வந்தாள், மிஸ்ஸோடு நடந்து வீட்டுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை காலை மிஸ் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திரையில் ஒரே ஒரு வரி புதிதாக வந்திருந்தது.

புது நீலப் பை அழகாக இருக்கிறது.

மறுபடி காவல் நிலையம் போனோம். இந்த முறை ஒரு பெண் அதிகாரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பள்ளி விடும் நேரத்தில் ஆள் நிற்க ஏற்பாடு செய்தார். இரண்டே நாளில் முயல் தளத்திலிருந்து மறைந்துவிட்டது, அது எழுதியவையும் கூடவே மறைந்தன, மிஸ் எடுத்த படங்கள் மட்டும் மிச்சம். யாரும் அகப்படவில்லை. நிம்மதியாகப் போச்சு என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். மிஸ் தன் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "முயல்தானே சார் போயிருக்கு, ஆளு போகலையே" என்றார்.

அதன் பிறகு ஓராண்டுக்கு மேல், ஒரு பள்ளி நாள் விடாமல் அவர் அந்தக் குழந்தையோடு நடந்தார். சில நாள் பேக்கரி வழி, சில நாள் கோயில் வழி. எந்த நாள் எந்த வழி என்று கேட்டைத் தாண்டிய பிறகுதான் முடிவு செய்வார். மழையானாலும் நடந்தார், முழங்கால் வீங்கியபோதும் நடந்தார். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தபோது கணவரை அனுப்பினார். நான் போகிறேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். நீங்கள் பார்க்க வேண்டிய வேலை உள்ளே இருக்கிறது சார் என்று கம்ப்யூட்டர் அறையைக் காட்டுவார். ஒரு நாளும் அவர் என்னைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மிஸ் இறந்த மறுநாள், திங்கட்கிழமை, பள்ளிக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை மூன்றே முக்காலுக்கு நான் கேட்டில் நின்றேன். ஹர்ஷினி இப்போது நான்காம் வகுப்பு. என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் கூட வந்தாள். கோயில் வழியாகக் கூட்டிப்போனேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவனும் எனக்கு அவனாகத் தெரிந்தான். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு மரத்தடியில் நின்ற ஒரு நல்ல மனிதரை முறைத்தேன், அவர் பயந்துபோய்த் தள்ளி நின்றார். தமயந்தி மிஸ் இந்தத் தெருவை ஓராண்டுக்கும் மேலாக இப்படித்தான் கடந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சந்து முனையில் ஹர்ஷினி நின்றாள்.

"சார், மிஸ் இல்லைன்னு அவருக்குத் தெரியுமா?"

யாருக்கு என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்கிறீர்களே என்பதுபோலப் பார்த்தாள். அந்த ஆளைப் பற்றி இத்தனை நாளில் நாங்கள் யாரும் அவள் முன்னால் பேசியதில்லை. குழந்தை மறந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தோம். தெரியாதும்மா என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது, தெருமுனையிலிருந்தே அது கண்ணில் பட்டது. பள்ளி கேட்டின் மேல் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர். தமயந்தி மிஸ்ஸின் படம், பெயர், மறைந்த தேதி, எங்கள் ஆசிரியை என்ற வரி. வாசகம் எழுதிக் கொடுத்தது நான். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று சாலையைப் பார்த்துக் கட்டச் சொன்னதும் நான். யார் வேண்டுமானாலும் நின்று படிக்கும்படி, இனி இந்தப் பிள்ளையோடு நடக்க ஆளில்லை என்று மறுபடியும் நானே எழுதி மாட்டியிருக்கிறேன்.

காவலாளியிடம் ஏணி வாங்கி ஏறி, கயிற்றை அறுத்தேன். மறுநாள் பேனரைக் காணோம் என்று பெரிய வருத்தமாகிவிட்டது. பதினாறாம் நாள்வரைகூட வைத்திருக்க மனமில்லையா என்று உங்களில் பலர் தலைமையாசிரியையிடம் கேட்டிருக்கிறீர்கள். கேட்டதில் தப்பே இல்லை. மிஸ்ஸின் வீட்டுக்குப் போய் அவருடைய கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல காரியம் செய்தீர்கள் என்றார். கழற்றியது நான்தான் என்று உங்களுக்கும் இப்போது சொல்கிறேன்.

அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, நான்கு மொழியில் கதை சொல்லும் திறமையும் வரவில்லை. அவருடைய பயம் மட்டும் முழுசாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை நான் குறையாமல் வைத்துக்கொள்வேன். காலையில் அந்தச் சின்ன நாற்காலியில் நான் உட்காருகிறேன், மூன்றே முக்காலுக்கு நான் நடக்கிறேன். அவருக்கு அஞ்சலி செலுத்த விரும்புகிறவர்கள் பள்ளிக்கு உள்ளே வாருங்கள், படத்தை ஆசிரியர் அறையில் வைத்திருக்கிறோம். தெருவில் நின்று அவரைப் பற்றிப் பேச வேண்டாம். தெரியாத முகம் ஏதாவது கேட்டருகே வந்து, அந்த மிஸ்ஸைக் கொஞ்ச நாளாகக் காணோமே என்று விசாரித்தால், உள்ளே வகுப்பில் இருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று சொல்லுங்கள்.